இறுதியாண்டுக் குற்றவியல் செயற்றிட்டம்: யாழ்ப்பாணத்தில் எந்தப் பங்காளரோடு, எந்தத் தரவோடு?

கொக்குவில்வாசி

அடுத்த அரையாண்டில் குற்றவியல் இறுதியாண்டு மாணவர்களுக்கு வெளி நிறுவனங்களோடு சேர்ந்த செயற்றிட்டம் ஒன்று வைக்கிறோம். 28 பேர், நாலு பேர் வீதம் ஏழு குழு, 15 கிழமை. நகைக்கடை, சூப்பர் மார்க்கெற், லீசிங் கொம்பனி, காவலாளி நிறுவனம், விடுதி என்று சிலரோடு கதைத்தாயிற்று. பொலிசும் சிறைச்சாலையும் சேர்ந்தால் நல்லது என்ற எண்ணமும் இருக்கிறது.

மாணவர் தந்த தலைப்புகள்: "யாழ் மாவட்டத்தில் போதைப்பொருள் பாவனை", "வாள்வெட்டுக் குழுக்களின் சமூகப் பின்னணி", "இளைஞரும் குற்றமும்". பங்காளருக்குப் பயன்படுவதாகவும் பரீட்சகரிடம் நிற்கக்கூடியதாகவும் எப்படி அமைப்பது? அனுமதிகளை எங்கே தொடங்குவது? விபரமாக எழுதுங்கோ.

வெண்ணிலா_72

மூன்று தலைப்பையும் முதலில் ஒதுக்கி வையுங்கோ சேர். அவை தலைப்புகளே தவிர கேள்விகள் இல்லை. 15 கிழமையில் நாலு பிள்ளைகள் ஒரு மாவட்டத்தை ஆராய ஏலாது. 15 பிரதேச செயலகப் பிரிவு, 435 கிராம சேவையாளர் பிரிவு இருக்கிற மாவட்டம் இது.

நான் வைக்கச் சொல்லுகிற சோதனை ஒன்றுதான். பங்காளர் அறிக்கையை வாசித்தபிறகு எந்த முடிவை எடுப்பார், அந்த முடிவை எடுக்க அவருக்கு அதிகாரம் இருக்கிறதா? கிளை முகாமையாளருக்குக் கமராவைத் திருப்ப அதிகாரம் இருக்கும், சம்பளத்தைக் கூட்ட இராது. "ஊழியர் மனநிலையை உயர்த்துதல்" என்ற பரிந்துரையோடு முடிகிற அறிக்கை மேசை லாச்சிக்குள் போகும்.

கேள்வி இந்த அளவில் இருந்தால் சரி: "எங்கட கடையில் காணாமற்போகிற பொருளில் எவ்வளவு களவு, எவ்வளவு கணக்குப் பிழை?" "இந்த வாகனத் தரிப்பிடத்தில் மோட்டார் சைக்கிள் எந்த மணித்தியாலத்தில் போகுது?" "இந்தக் கமராக்களில் ஒரு ஆளை அடையாளம் காண ஏலுமா?" இடம் ஒன்று, குற்ற வகை ஒன்று, கால எல்லை ஒன்று. அமெரிக்கப் பொலிஸ்துறை ஆய்வாளர் ஹேர்மன் கோல்ட்ஸ்ரீன் 1979இல் பொலிசாருக்குச் சொன்னதும் இதுதான்: "களவு" என்ற சட்டப் பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், ஒரேமாதிரித் திரும்பத் திரும்ப நடக்கிற பிரச்சினையைப் பிடி.

சட்டப்புத்தகம்

அனுமதி பற்றி. இதில்தான் அரையாண்டு கரைகிறது.

பொலிஸ்: நிலையப் பொறுப்பதிகாரி நல்ல மனுசராக இருக்கலாம், "வாங்கோ பிள்ளைகள்" என்று தேத்தண்ணியும் தரலாம். ஆனால் பதிவுகளைத் தருகிற அதிகாரம் அவரிடம் இல்லை. கடிதம் பொலிஸ் மா அதிபருக்கு, தலைமையகம் ஊடாகப் போகவேணும். சிறைச்சாலை என்றால் சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகம். பண்ணைப் பகுதியில் இருக்கிற யாழ் சிறைச்சாலையின் அத்தியட்சகரைச் சந்தித்து மட்டும் காரியம் ஆகாது. நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் மாகாணத்துக்குரிய விடயம், ஆகவே வடமாகாணத் திணைக்களம். சமுதாயஞ்சார் சீர்திருத்தத் திணைக்களம் (சிறைக்குப் பதிலாகச் சமூக வேலை செய்யச் சொல்லுகிற நீதிமன்றக் கட்டளைகளைப் பார்ப்பது) அப்படியல்ல, 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிற மத்திய திணைக்களம். பிள்ளைகள் இந்த இரண்டையும் மாறிப் போட்டுக் கடிதம் எழுதுவார்கள். பிழையான மேசையில் அது கிழமைக்கணக்காகக் கிடக்கும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நல்ல வழி, ஆனால் கணக்குப் போட்டு இறங்குங்கோ. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேணும். தருவதென்றால் கட்டணம் கட்டி மேலும் 14 நாள். சில காரணங்களுக்காக 21 நாள் வரை நீடிக்கலாம். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு, அவருக்கு மூன்று கிழமை. அதற்குப் பிறகுதான் ஆணைக்குழு. அரையாண்டு தொடங்கின அன்று விண்ணப்பம் போட்டால் பதில் வரும்போது பரீட்சை வந்துவிடும். முந்தின விடுமுறையிலேயே போடுங்கோ, கேட்பதையும் சுருக்கமாகக் கேளுங்கோ: இந்தப் பொலிஸ் பிரிவில், இந்த ஆண்டுகளில், மாதவாரியாக, இந்தக் குற்ற வகையின் எண்ணிக்கை மட்டும். பெயர், முகவரி, வழக்கு விபரம் கேட்டால் தனிப்பட்ட தகவல், விசாரணைக்குப் பாதிப்பு என்ற காரணங்களால் மறுக்கலாம். அந்த மறுப்பு நியாயமானதும்கூட.

கூட ஒன்று: யாழ்ப்பாணப் பொலிஸ் பிரிவு வேறை, காங்கேசன்துறைப் பிரிவு வேறை. "யாழ் மாவட்டம்" என்று கேட்டு ஒரு பிரிவின் எண்ணிக்கையை மட்டும் வாங்கி, மாவட்டச் சனத்தொகையால் பிரித்து வீதம் கணிக்காதேங்கோ.

கொக்குவில்வாசி

நன்றி சட்டப்புத்தகம். லீசிங் கொம்பனியில் மோசடி பற்றி ஒரு குழு கேட்கிறது. சந்தேகமான கொடுக்கல்வாங்கல் அறிக்கைகளைப் பார்க்க விட்டால் நல்லது என்கிறார்கள்.

சட்டப்புத்தகம்

அதைக் கேட்கவே கூடாது. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல்களை அறிக்கையிடல் சட்டத்தின்படி அந்த அறிக்கைகள் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்குப் போகிறவை. அப்படி ஒன்று போனதென்று வெளியாருக்குச் சொல்வதே குற்றம். அந்தக் கொம்பனி ஒத்துக்கொண்டாலும் நீங்கள் ஒத்துக்கொள்ளக் கூடாது.

பதிலுக்கு விண்ணப்பப் படிவத்தை எடுங்கோ. அடையாள அட்டைப் பிரதி, சம்பளக் கடிதம், பிணையாளி விபரம், வாகனப் பெறுமதி மதிப்பீடு: ஒவ்வொன்றையும் யார் சரிபார்க்கிறார், எதோடு ஒப்பிடுகிறார், எந்த இடத்தில் ஒருவரே வாங்கி அவரே அங்கீகரிக்கிறார்? வெறும் படிவத்தையும் நடைமுறைக் கைநூலையும் வைத்தே மோசடி நடக்கக்கூடிய படிகளை வரிசைப்படுத்தலாம். ஒரு வாடிக்கையாளரின் பெயரும் தேவையில்லை.

நெல்லியடிச்சந்தி

சூப்பர் மார்க்கெற் செயற்றிட்டம் இந்த ஏழில் மிகச் சுலபமாக முடியக்கூடியது. எப்படிச் செய்வதென்று எழுதுகிறேன்.

30 முதல் 40 பொருள் தெரிவு செய்யுங்கோ. பாதி களவுபோகக்கூடியவை: பால்மா, சவரத் தகடு, பற்றரி, வாசனைத் திரவியம், சொக்லேற். மற்றப் பாதி யாரும் களவெடுக்காதவை: 5 கிலோ மா, கழிவறைத் துடைப்பம். இரண்டாவது தொகுதி ஏனென்றால், அதிலும் பொருள் குறைந்தால் அது களவில்லை, கணக்குப் பிழை. ஒப்பிட ஒன்று இல்லாமல் முதல் தொகுதியை மட்டும் எண்ணினால் குறைகிற எல்லாம் களவென்றுதான் தெரியும்.

கடை பூட்டினபிறகு எண்ணவேணும். திறந்திருக்கும்போது எண்ணினால் கஷியரிடம் நிற்கிற கூடைக்குள் இருப்பது எந்தப் பக்கத்திலும் வராது. இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, மாறினால் மூன்றாம் முறை. தொடக்க இருப்பு + வரவு − விற்பனை − திருப்பி அனுப்பியது − பழுதென்று கழித்தது = இருக்கவேண்டியது. அதற்கும் கையில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இழப்பு. இப்படி நாலு கிழமை.

இனிப் பிழைக்கிற இடங்கள். ஒரே விலையில் நாலு வாசனையில் வருகிற சவர்க்காரத்தை கஷியர் ஒன்றை ஸ்கான் பண்ணி நாலால் பெருக்குவார். ஒரு வாசனையில் மூன்று கூட, மற்ற மூன்றிலும் ஒவ்வொன்று குறைவு. தனித்தனியே பார்த்தால் மூன்று களவு; குடும்பமாகக் கூட்டினால் சைபர். ஆகவே ஒரே விலை, ஒரே வகையைச் சேர்த்துக் கணியுங்கோ. அடுத்தது லொறி. பில்லில் 24 பெட்டி, இறக்கினது 23, கையெழுத்து 24க்கு. வரவு நேரம் ஒருவர் நின்று எண்ணாவிட்டால் அந்த ஒரு பெட்டி கடைக்குள் நடந்த களவாகப் போய்விடும். எலி கடித்த பால்மாப் பைகளைப் பின்னால் எறிந்துவிட்டு எழுதாமல் விடுவதும் நடக்கிறதுதான்.

முகாமையாளர் "எந்த ஷிப்ரில் குறையுது?" என்று கட்டாயம் கேட்பார். சொல்லாதேங்கோ. நாலு கிழமைத் தரவில் ஒரு ஷிப்ரைக் குற்றம் சாட்டினால் அந்தப் பிள்ளையின் வேலை போகும். ஷிப்ர் வாரியாகத் தரமாட்டோம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கோ.

வடமராட்சியான்

இது கணக்காய்வு, குற்றவியல் இல்லையே? வாள்வெட்டும் போதையும் சனத்தை நித்திரை கொள்ளவிடாமல் செய்யிற ஊரில, முதலாளிமாருக்கு சவர்க்காரம் எண்ணிக் குடுக்கவோ நாலு வருசம் படிச்சவங்கள்? பங்காளர் எண்டா காசுள்ளவன் மட்டும்தானோ?

நெல்லியடிச்சந்தி

எண்ணுவது கணக்காய்வு. எது போகுது, ஏன் அது போகுது என்று விளக்குவது குற்றவியல். குற்றவியலாளர் ரொனால்ட் கிளார்க் 1999இல் களவுபோகிற பொருட்களுக்கு ஆறு தன்மை சொன்னார்: ஒளிக்கலாம், எடுத்துச் செல்லலாம், கைக்கு எட்டும், பெறுமதி உண்டு, அனுபவிக்கலாம், விற்றுத் தள்ளலாம். பால்மாவை யார் வாங்குவார் என்ற கடைசித் தன்மையைத் தேடிப்போனால்தான் விசயம் கடைக்கு வெளியே வருகிறது. உங்கட கோபம் விளங்குது அண்ணை, ஆனால் வாள்வெட்டுக் குழுவை நேர்காண 22 வயதுப் பிள்ளையை அனுப்ப நான் கையெழுத்து வைக்கமாட்டேன்.

வெண்ணிலா_72

வடமராட்சியான் சொல்வதில் பாதி சரி. ஏழும் கடையாகப் போனால் பாடம் வணிக முகாமைத்துவமாகிவிடும். இரண்டு குழுவையாவது மற்றப் பக்கம் அனுப்புங்கோ.

ஆளைத் தொடாமல் நடைமுறையைத் தொடுகிற செயற்றிட்டங்கள் உண்டு. 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் சில உரிமைகளைத் தருகிறது. முன்பிருந்த 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. அந்த உரிமைகளைத் தமிழில், ஆறாம் வகுப்புப் படித்தவருக்கு விளங்குகிற மாதிரி ஒரு A4 தாளில் எழுதி, சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ் நிலையம் போன்ற ஒரு பங்காளரோடு சரிபார்த்து, 20 பேரிடம் வாசிக்கக் கொடுத்துச் சோதிக்கலாம். சோதனை எப்படியென்றால்: "விளங்கினதோ?" என்று கேட்கக் கூடாது, எல்லாரும் ஓம் என்பார்கள். "உங்களை யாரோ மிரட்டினால் இதன்படி முதலில் எங்கே போவீங்கள்?" என்று கேளுங்கோ. 20இல் ஐந்து பேர் பிழையான இடம் சொன்னால் அந்த வரியைத் திருத்துங்கோ. அந்த 20 பேரும் பொதுச் சனம். வழக்கில் இருக்கிறவர்கள் வேண்டாம்.

சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை பெற்றவர்கள் செய்கிற வேலைகளையும் பார்க்கலாம். வேலைத்தளத்துக்குப் போக்குவரத்து, நேரம், அன்றாடக் கூலி இழப்பு. கட்டளை முறிகிறதுக்கு மனம் திருந்தாததா காரணம், பஸ் இல்லாததா? நேர அட்டவணையையும் வரைபடத்தையும் வைத்தே நிறையச் சொல்லலாம்.

பண்ணைக்காற்று

கமரா ஆய்வு பற்றி ஒருவரும் எழுதவில்லை. கஸ்தூரியார் வீதி நகைக்கடைக்காரர் பணம் செலவழித்திருப்பது அதில்தான், கூடுதலாக ஏமாந்திருப்பதும் அதில்தான்.

முதல் அளவு: ஒரு மீற்றர் அகலத்துக்கு எத்தனை பிக்சல். கமரா முறைமைகளுக்கான ஐரோப்பிய நியமம் 62676-4இன் 2015ஆம் ஆண்டுப் பதிப்பின்படி ஆள் நிற்பதைக் கண்டுபிடிக்க 25, நடவடிக்கையைப் பார்க்க 62, தெரிந்த ஆளென்று சொல்ல 125, தெரியாத ஆளை அடையாளம் காண 250. சாதாரண 1080 கமராவின் அகலம் 1920 பிக்சல். அதை 250ஆல் வகுத்தால் 7.68 மீற்றர். அதைவிட அகலமான காட்சியில் முகத்தை அடையாளம் காண முடியும் என்று யாரும் சொன்னால் நம்பாதேங்கோ.

கடைகளில் கூடுதலாகப் பூட்டுவது 2.8 மில்லிமீற்றர் வில்லை. 5 மீற்றர் தூரத்தில் அது ஏறக்குறைய 13 மீற்றர் அகலம் காட்டும். மீற்றருக்கு 150 பிக்சல்கூட வராது. கடை முழுக்கத் தெரியும், கள்ளன் யாரென்று தெரியாது. வாசலுக்கு மட்டும் 6 மில்லிமீற்றர் போட்டால் அதே தூரத்தில் 5 மீற்றர் அகலம், 370 பிக்சலுக்கு மேல். மாணவர் செய்யவேண்டியது: ஒரு மீற்றர் நீளமான மட்டைப்பலகையை முக உயரத்தில் ஒருவர் பிடிக்க, ஒவ்வொரு கமராவிலும் படம் எடுத்து பிக்சல் எண்ணுவது. காலை, மதியம், இரவு மூன்று தரம். மதியம் ஏனென்றால் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வெயில் அடிக்கும்போது உள்ளே வருகிற முகம் கறுத்துப்போகும்.

இரண்டாவது அளவு, எத்தனை நாள் பதிவு நிற்கிறது. உரிமையாளர் "ஒரு மாசம்" என்பார். ஒரு கமரா செக்கனுக்கு 4 மெகாபிற் என்றால் நாளைக்கு 43.2 ஜிகாபைற். எட்டுக் கமராவுக்கு 345.6. நாலு ரெராபைற் ஹாட் டிஸ்க்கில் பதினொன்றரை நாள்தான் நிற்கும். மாச முடிவில் இருப்பு எண்ணி நகை குறையுதென்று கண்டுபிடிக்கிற கடைக்கு அது உதவாது. அந்த 4 மெகாபிற்றைப் பாதியாக்கினால் 23 நாள். ஆனால் படத்தின் தரமும் குறையும், ஆகவே பிக்சல் சோதனையைத் திரும்பச் செய்யவேணும்.

மூன்றாவது நேரம். பதிவுப் பெட்டியின் நேரத்தைக் கைத்தொலைபேசி நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறியுங்கோ. கரன்ற் போய் வந்தபிறகும் ஒருக்கால் பாருங்கோ. உள்ளே இருக்கிற நாணயப் பற்றரி செத்திருந்தால் திகதி பல வருசம் பின்னுக்குப் போய் நிற்கும். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் பிடிப்பது இதைத்தான்.

வீதியைப் பார்க்கிற கமராவில் சங்கிலி அறுத்த மோட்டார் சைக்கிளின் இலக்கத்தகடு வாசிக்க ஏலுமா என்று கேட்பார்கள். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகம் செக்கனுக்கு 11 மீற்றர். இரவில் கமரா 1/25 செக்கன் திறந்திருந்தால் தகடு 44 சென்ரிமீற்றர் இழுபடும். 1/500 வைத்தால் இரண்டு சென்ரிமீற்றர் சொச்சம், ஆனால் வெளிச்சம் காணாது. அதற்கெண்டு தனிக் கமரா வேணும். முழுமுக ஹெல்மெற் போட்டவனின் முகத்தைப் பற்றிக் கதைத்துப் பிரயோசனமில்லை.

அறிக்கையில் கடைப் பெயர், கமராக்களின் இடம், பார்வை எட்டாத மூலைகள் எதுவும் பொதுப் பிரதியில் வரக்கூடாது. இரண்டு பிரதி எழுதுங்கோ. பரீட்சகருக்குப் போவது முறையும் அளவும். கடைக்காரருக்குப் போவது வரைபடம்.

சட்டப்புத்தகம்

பண்ணைக்காற்று சொன்னதுக்கு ஒரு சேர்க்கை. ஒலி, ஒளிப் பதிவையும் கணினிப் பதிவையும் சாட்சியாகக் கொடுப்பதற்கு 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியம் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இருக்கிறது. விசாரணைத் திகதிக்கு 45 நாட்களுக்கு முன் எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்கவேணும். பதிவை யார் எடுத்தார், எப்போ எடுத்தார், எதில் ஏற்றினார் என்று எழுதுகிற ஒரு பக்கப் படிவம் கடைக்காரருக்குச் செய்துகொடுத்தால், அதுவே நல்ல ஒப்படைப்பு.

காவலாளி நிறுவனத்தோடு சேருகிற குழு, முதலில் அது 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ததா, அந்த வருச அனுமதி இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

தரவுக்காரன்

எண்ணிக்கை பற்றி மூன்று விசயம். எல்லாக் குழுவுக்கும் பொது.

சின்ன எண்ணில் வீதம் போடாதேங்கோ. முந்தின ஆறு மாதம் 3 மோட்டார் சைக்கிள், பிந்தின ஆறு மாதம் 6. "100 வீத அதிகரிப்பு" என்று எழுதினால் பத்திரிகைக்காரன் கொத்திக்கொண்டு போவான். மொத்தம் 9, எந்த மாற்றமும் இல்லாமலே, நாணயம் சுண்டின மாதிரி, பிந்தின அரைவாசியில் 6 அல்லது அதற்கு மேல் விழுகிற வாய்ப்பு 512இல் 130. நாலுக்கு ஒன்று. "3, 6" என்று எண்ணையே எழுதிவிட்டு விடுங்கோ.

நேரம். மருத்துவமனைத் தரிப்பிடத்தில் காலை 8க்கு விட்ட மோட்டார் சைக்கிளைப் பகல் 2க்குக் காணவில்லை. முறைப்பாட்டில் 2 மணி என்று பதிவாகும். அதை அப்படியே வரைபில் போட்டால் உச்சநேரம் பகல் 2 என்று வரும், காவலாளியை அந்நேரம் நிறுத்துவார்கள், அது வீண். ஆறு மணித்தியாலத்துக்கும் தலா ஆறில் ஒரு பங்கு கொடுங்கோ. எல்லாச் சம்பவத்தையும் இப்படிப் பிரித்துக் கூட்டினால் உண்மையான உச்சம் தெரியவரும். ராட்கிளிஃப், மக்கல்லா என்ற ஆய்வாளர் இருவரும் 1998இல் எழுதின முறை. எக்செல்லிலேயே செய்யலாம்.

இடம். "ஆஸ்பத்திரி வீதி", "நல்லூர் கோயிலடி" என்று மட்டும் பதிந்த சம்பவங்களை ஒரே புள்ளியில் குத்தினால் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் அங்கே பெரிய சிவப்பு வட்டம் போடும். அது பதிவு செய்த முறையின் வட்டம், குற்றத்தின் வட்டமில்லை. இடம் திட்டமாகத் தெரியாதவற்றை வரைபடத்தில் போடாமல், எத்தனை விடுபட்டது என்று கீழே எழுதுங்கோ.

மூன்றாம்வருடம்

சேர், நல்லூர்த் திருவிழாவில சங்கிலி அறுப்பு பற்றிச் செய்யலாமோ? 25 நாள் சனம், தரவு தானாகவே கிடைக்கும்தானே?

தரவுக்காரன்

தானாகக் கிடைக்காது தம்பி. திருவிழா ஆடி, ஆவணியில் வரும். நெறிமுறைக் குழு அனுமதி சித்திரைக்குள் கையில் இருந்தால்தான் நினைக்கலாம். களவை எண்ணப் போகாதே, 25 நாளில் உனக்குத் தெரியவருவது ஒரு கைவிரலுக்குள் அடங்கும். நெரிசலை எண்ணு. வீதித்தடைக்கு உள்ளே நாலு இடம் தெரிவுசெய்து, ஒவ்வொன்றிலும் 3க்கு 3 மீற்றர் சதுரம் மனதால் கீறி, 15 நிமிசத்துக்கு ஒருக்கால் தலை எண்ணு. சாதாரண நாள் ஆறும், 24ஆம் நாள் தேரும், 25ஆம் நாள் தீர்த்தமும் போதும். எந்த இடத்தில் ஆளோடு ஆள் முட்டுது, அங்கே வெளிச்சம் எப்படி, வெளியேற எத்தனை ஒழுங்கை. மாநகரசபைக்கும் ஆலயத்துக்கும் பயன்படுகிற படம் அது. முகம் தெரிகிற படம் எடுக்கக் கூடாது.

வெண்ணிலா_72

காவலாளிகளை நேர்காணும்போது கவனிக்கவேண்டியது. மேற்பார்வையாளர் தெரிவு செய்து அனுப்புகிற ஆட்களோடு கதைத்தால் மேற்பார்வையாளரின் கருத்துத்தான் கிடைக்கும். முழுப் பட்டியலிலிருந்து சீட்டுக் குலுக்குங்கோ. யார் வந்தார், யார் மறுத்தார் என்பது நிறுவனத்துக்குத் தெரியக்கூடாது, ஆகவே கடமை இடத்துக்கு வெளியே சந்தியுங்கோ. எட்டுக் காவலாளியில் ஒரு பெண் என்றால் "ஒரு பெண் காவலாளி கூறினார்" என்று எழுதின உடனே ஆள் தெரிந்துவிடும். அட்டவணையில் ஐந்து பேருக்குக் குறைந்த கட்டங்களைத் தனியே காட்டாமல் பக்கத்துக் கட்டத்தோடு ஒன்றாக்கிவிடுங்கோ. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் குற்றங்கள், தண்டனைகள் பற்றிய தரவையும் சிறுவர் பற்றிய தரவையும் விசேட வகையாகவே வைத்திருக்கிறது. ஆகவே நேர்காணலில் "முந்தி வழக்கு ஏதும் இருந்ததோ?" என்ற கேள்வியை எடுத்துவிடுங்கோ. ஆய்வுக்கும் அது தேவையில்லை.

கொக்குவில்வாசி

எல்லாருக்கும் நன்றி. இப்படி மாற்றியிருக்கிறேன்: இரண்டு குழு கமரா, ஒன்று சூப்பர் மார்க்கெற், ஒன்று லீசிங் படிவம், ஒன்று தரிப்பிட நேரம், ஒன்று உரிமைத் தாள், ஒன்று சீர்திருத்தக் கட்டளைப் போக்குவரத்து. முதல் மூன்று கிழமை கேள்வியும் ஒப்பந்தமும், நாலாம் கிழமை முன்னோட்டம், ஐந்திலிருந்து பத்து வரை தரவு, பிறகு எழுத்து. பொலிஸ் தரவு வந்தால் பின்னிணைப்பு. வராவிட்டாலும் ஒரு குழுவும் நிற்காது. பங்காளரின் மதிப்பீட்டுக்கு 15 புள்ளி.

மிச்சம் ஒரு சிக்கல். ஒரு பங்காளர், அறிக்கை தமக்குப் பிடிக்காவிட்டால் சமர்ப்பிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் போடக் கேட்கிறார்.

சட்டப்புத்தகம்

போடாதேங்கோ. மாணவரின் பட்டம் அவருடைய விருப்பத்தில் தொங்கும். இப்படி எழுதுங்கோ: வரைவு கிடைத்து 10 வேலை நாட்களுக்குள் பங்காளர் இரகசியத் தகவலையும் உண்மைப் பிழையையும் சுட்டிக்காட்டலாம், முடிவுகளை மாற்றக் கேட்க முடியாது, பதில் வராவிட்டால் ஒப்புதலாகக் கொள்ளப்படும், பொதுப் பிரதியில் நிறுவனப் பெயர் வராது. இதற்கும் சம்மதிக்காதவரை விட்டுவிட்டு வேறை ஆளைப் பாருங்கோ.

வடமராட்சியான்

தரிப்பிடக் குழுவுக்கு ஒண்டு. மோட்டார் சைக்கிளோட பாதசைக்கிளையும் எண்ணச் சொல்லுங்கோ. சைக்கிள் போனா முக்கால்வாசிப் பேர் பொலிசுக்குப் போறேல்லை, அதால ஒரு பதிவிலயும் வராது. தரிப்பிடக்காரன்ர துண்டுக் கட்டையில மட்டும்தான் தெரியும்: குடுத்த துண்டு எத்தினை, திரும்பி வந்த துண்டு எத்தினை.

தரவுக்காரன்

நல்ல யோசனை அண்ணை. ஆனால் துண்டைத் துலைத்தவர்களையும் தனியே எண்ணவேணும், இல்லாவிட்டால் திரும்பாத துண்டெல்லாம் களவாகிவிடும். துண்டு இல்லாமல் சைக்கிள் எடுத்தவர்களுக்குத் தரிப்பிடக்காரர் கையெழுத்து வாங்குகிற கொப்பி இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கோ. இல்லையென்றால் முன்னோட்டக் கிழமையில் ஒன்று வாங்கிக் கொடுத்துத் தொடங்கலாம்.